தரை மேல் தரை

ஜூலை 30, 2012. திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. பால் திரிந்துவிட்டது. பால் இல்லாத காபி.

காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வாராவாரம் திங்கட்கிழமை வேலை. எங்கும் போவதில்லை, பேட்டரி சாகாமல் இருக்க. வாசல் வேப்பமரம் போன டிசம்பர் புயலில் விழுந்ததிலிருந்து எங்கள் தெருவில் நிழல் என்று ஒன்று கிடையாது. கதவுக் கைப்பிடி சுட்டது.

எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே: "ஷெட்டு சும்மாதான சார் கெடக்குது. உள்ள வுட்டா இன்னா?"

விடணும் என்றேன்.

மார்ச்சில், என் மனைவி வ. போன அன்று, வெளியே எடுத்தது. ஐஸ் பெட்டி ஹால் கதவில் நுழையவில்லை. வ.வை ஷெட்டு நடுவில்தான் வைத்தார்கள். அதற்காகக் காரைத் தெருவுக்குக் கொண்டுபோனேன். பிறகு தலைமாட்டு விளக்கு பதினாறாம் நாள் வரை அதே இடத்தில் எரிந்தது. அதுவரை கார் வெளியில் நிற்கட்டும் என்றார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் உள்ளே விடவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோ. கையில் முளைக்கீரை. வந்த விஷயம் கீரை இல்லை.

"சேகரு, ஆவணி பொறந்ததும் கவிதாவுக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட இங்க கூட்டியாந்துடணும். தலைப்பிரசவம் பொறந்த வூட்லதான். அம்மா இல்லன்னா அத்தை இல்லியா? நான் வந்து கூட இருக்கேன். ஆனா அந்தப் புள்ள வாசல் வழியா வருதா? பாத்தியா நீ?"

பார்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் மாமியார் வீட்டிலிருந்து எப்போது வந்தாலும் பக்கத்துச் சந்தில் சுற்றிக்கொண்டு சமையலறைப் பின்கதவால்தான் வருகிறாள். முன்கதவுக்கு ஷெட்டு வழியாகத்தான் போகணும். அதில் கால் வைப்பதே இல்லை.

"பயப்படுது. வயித்துப் புள்ளக்காரி. அந்த எடத்தப் பாத்தா பயமாத்தான் இருக்கும். பழைய தரையே கண்ணுல படக் கூடாது. மேல எதுனா கல்லு கில்லு போட்டு மாத்திடு."

சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

கீரை மசியல் செய்து வைத்துவிட்டுப் போனாள். நன்றாக இருந்ததா, தெரியவில்லை. சாப்பிட்டேன்.

ஜூலை 31. செவ்வாய்

மாத்திரை வாங்க வேண்டும். செருப்பு வார் தைக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

சம்மந்தி அம்மாள் போன். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தாய் இல்லாத வூட்டுக்கு நெறமாசப் புள்ளைய எப்படி அனுப்புறதுன்னு யோசனையா இருக்குது. இங்க சிதம்பரத்துலயே பாத்துக்கலாமே. கவிதாவ கேட்டேன். 'பாக்கலாம் அத்தை'ங்கறா."

நல்ல மனுஷி. வீம்புக்குப் பேசுகிறவளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பிப்ரவரியில், கவிதா விஷயம் சொன்ன அன்றைக்கே, வ. முன்னறை ஃபேனைத் துடைத்தாள். உத்தரத்துக் கொக்கியில் பழைய புடவையைக் கட்டி, தொங்கிப் பார்த்தாள், தொட்டில் தாங்குமா என்று. கொக்கி தாங்கியது. அந்தப் புடவையை இன்னும் அவிழ்க்கவில்லை.

கவிதா இங்கே வரணும். வேறு எதுவும் வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. இது ஒன்றுதான் தோன்றுகிறது.

தரையை மாற்றிவிடலாம்.

ஆகஸ்ட் 2. வியாழன்

ஷெட்டை அளந்தேன். டேப்பின் அந்த முனையைப் பிடிக்க ஆள் இல்லை. செங்கல்லை மேலே வைத்துச் சமாளித்தேன். பூனை வந்து டேப்பைத் துரத்தியது. போடி என்றேன். இன்று பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

பழைய கிராஃப் தாளில் பிளான் போட்டேன். ரிடையர் ஆகி ஒரு வருஷம், கை மறக்கவில்லை. பென்சில் சீவுவது கூட ஒழுங்காக வந்தது.

குறித்தவை:
தூண் இரண்டு
கேட்டின் கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் குழி
மழைத்தண்ணி போகும் மூலை ஓட்டை
வீட்டுக்குள் ஏறும் படி
தரை வாட்டம், கேட் பக்கம்
வடக்கு எது என்று அம்புக்குறி (கேட் வடக்கு, படி தெற்கு)

எதையும் விடவில்லை. ஆபீசில் இப்படி ஒரு பிளான் வைத்தால் இன்ஜினியர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார்.

மதியம் தூங்கினேன். எழுந்தபோது காலையா சாயங்காலமா என்று பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 3. வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் ஸ்பீக்கர். கூழ் ஊற்றினார்கள். சொம்பு எடுத்துக்கொண்டு போகவில்லை. எதிர்வீட்டம்மா ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினாள்.

திருப்பாதிரிப்புலியூர், டைல்ஸ் கடை. கடைக்காரர் ஒரு பாய், என் வயசுதான் இருக்கும். டீ சொன்னார். பிளானைக் கொடுத்ததும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "சார், ஷெட்டுக்கா இவ்ளோ சுத்தமா வரைஞ்சிருக்கீங்க? கல்யாண மண்டபத்துக்கே இங்க கையாலதான் காட்றாங்க, இவ்ளோ நீளம், இவ்ளோ அகலம்னு."

இரண்டு வகை காட்டினார்.

ஒன்று: சிமென்ட் இன்டர்லாக் கல். பெட்ரோல் பங்க்கில் போடுகிறது. கனம். பழைய தரையை உடைத்து எடுத்து, மணல் கொட்டி, மேலே பதிக்கணும். ஆள் வேண்டும், நாளாகும்.

இரண்டு: பிளாஸ்டிக் இன்டர்லாக் டைல்ஸ். ஒரு முழத்துக்கும் குறைவான சதுரம். இரண்டு பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்ததின் அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. சிமென்ட் வேண்டாம், மணல் வேண்டாம். பழைய தரை மேல் அப்படியே கோர்த்துக்கொண்டு போகலாம். வேண்டாம் என்றால் கழற்றி அடுக்கி வைத்துவிடலாம்.

"கார் ஏறினா தாங்குமா?"

"லாரியே ஏறலாம்னு கம்பெனிக்காரன் சொல்றான். நான் ஏத்திப் பாக்கல. கார் தாங்கும் சார். ஆனா வெயில்ல கொஞ்சம் விரியும். சுவத்துக்கிட்ட ஒரு விரல் எடம் வுட்டுடுங்க. இல்லன்னா நடுவுல தூக்கிக்கும், அப்பளம் மாதிரி."

குறித்துக்கொண்டேன்: ஒரு விரல்.

பாண்டியிலிருந்து வரவழைக்கணுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் எதையும் வாங்குவது இவ்வளவு வருஷப் பழக்கம்.

ஆகஸ்ட் 5. ஞாயிறு

சிதம்பரம். பஸ்ஸில் போனேன். காரில் போயிருக்கலாம். தோன்றவில்லை.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். "அவுங்க வூட்ல இன்வெர்ட்டர் இருக்குதாம், அதுக்காகவே பொண்ணு குடுக்கலாம்." "மாப்ள எப்படி?" "மாப்ளய யாரு பாத்தா?"

பு.முட்லூர் தாண்டி ஒரு தூறல், மண் நனையவில்லை.

மாப்பிள்ளை பிரபு கீழவீதி முனையில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். டைல்ஸ் விஷயம் போனில் சொல்லியிருந்தேன். அவர் நண்பர் ஒரு பல் டாக்டர். புது வீட்டு ஷெட்டில் அதே பிளாஸ்டிக் டைல்ஸ் போட்டிருக்கிறாராம், பார்த்துவிடுங்கள் மாமா என்று அழைத்துப்போனார். கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி. சதுரங்கப் பலகை. டாக்டர் அதன் மேல் குதித்துக் காட்டினார். சத்தம் கொஞ்சம் டொப் டொப்பென்று வருகிறது. ஓரத்தில் டயர் தடம் கருப்பாக. "கழுவினா போயிடும் அங்கிள்" என்றார். போகாது என்று தெரிந்தது.

வீட்டில் கவிதா. வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் அப்படியே அவள் அம்மா, கர்ப்பமாக இருந்தபோது. பார்க்கவில்லை அதிகம். எனக்கு மீன் குழம்பு வைத்திருந்தாள். ஞாபகமாகப் புளி குறைத்து.

டைல்ஸ் விஷயம் பிரபு சொன்னார். உற்சாகமாக. "கவி, உங்க வூட்டு ஷெட்டு சூப்பரா ஆவப்போவுது."

அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். "பழைய தரைய உடைப்பீங்களாப்பா?"

"இல்லம்மா. மேலயே போட்டுடலாம்."

"ம்" என்றாள். பெருமூச்சு மாதிரி ஒன்று.

உடைக்கிற சத்தம், தூசி, அதெல்லாம் இல்லை என்று நிம்மதி போலிருக்கிறது. அப்படியானால் பிளாஸ்டிக்தான். முடிவாயிற்று.

"என்ன கலர் வேணும்?"

"உங்க இஷ்டம்ப்பா."

சம்மந்தி அம்மாள் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே: "வளைகாப்பு முடியட்டும் அண்ணே. அப்புறம் அவ மனசுக்கு எங்க தோணுதோ அங்க இருக்கட்டும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

திரும்பும்போது வெள்ளாற்றில் தண்ணீரே இல்லை. மணல் மட்டும்.

ஆகஸ்ட் 8. புதன்

பாய் சாம்பிள் நாலு கொடுத்தார். சாம்பல், நீலம், செங்கல் நிறம், கறுப்பு. ஷெட்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

கறுப்பு: அக்கா கண்ணால் கண்டதும் எடுத்துத் தூர வைத்துவிட்டாள். "பொண்ணு பெத்துக்க வர்ற வூட்ல இன்னாத்துக்குடா கறுப்பு?"
நீலம்: நீச்சல் குளம் மாதிரி. எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று தெரிந்ததே ஆச்சரியம்.
செங்கல் நிறம்: நல்ல நிறம். முழுக்கப் போட்டால் ஆபீஸ் மொட்டைமாடி.
சாம்பல்: ஒன்றும் இல்லை. பழைய சிமென்ட் தரை போலத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி வழுக்குமா என்பதுதான். ஒன்பது மாசக்காரி நடக்கப் போகிறாள். குழாயடியில் காலை நனைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்றேன். திரும்பினேன். சோப்புத் தண்ணீர் ஊற்றி மறுபடி. மேலே புள்ளி புள்ளியாக இருக்கிற வகை பிடிக்கிறது, வழுக்கவில்லை. வழவழ வகையில் ஒரு காலைத் தூக்கிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. அக்கா, "கொக்கு மாதிரி நிக்கறான் பாரு, அம்பத்தொம்போது வயசுல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அப்படிப் போனது.

முடிவு: சாம்பல், புள்ளி வைத்தது.

மாத்திரை வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 11. சனி

கரண்ட் இல்லாத நேரத்தில் வேலை. ஷெட்டைக் காலி செய்தேன்.

எடுத்தவை: பழைய பேப்பர் கட்டு. உடைந்த மண்வெட்டி. கவிதாவின் முதல் சைக்கிள், சங்கிலி இல்லை. பெயின்ட் டப்பா, உள்ளே கல். அலுமினியத் தட்டு.

தட்டு வ.வுடையது. கார் எங்கே நின்றாலும் இன்ஜின் அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும். மெக்கானிக் எத்தனை முறை பார்த்தும் நிற்கவில்லை. தரை பாழாகிறது என்று அவள் ஒரு பழைய தட்டில் மணல் கொட்டி வைத்தாள். நான் காரை விட்டதும் இன்ஜினுக்கு நேராக அதைத் தள்ள வேண்டும். கேட் மூடுகிற சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து குரல் வரும்: "தட்டு வெச்சீங்களா?" வைத்தாயிற்று என்பேன். பாதி நாள் வைத்திருக்க மாட்டேன். அவள் வந்து பார்ப்பாள். திட்டுவாள். அவளே குனிந்து தள்ளுவாள்.

மணல் இறுகிக் கல்லாகிவிட்டது. பழைய பேப்பரோடு ஓரமாக வைத்தேன். பேப்பர்க்காரன் வந்தால் போடலாம்.

சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தேன். இன்ஜின் எண்ணெய்க் கறை போகவில்லை. அதன் நடுவே விளக்கு வைத்த இடத்தில் இன்னொரு கறை, வட்டமாக, கருத்து. நல்லெண்ணெய் சிமென்ட்டில் ஊறிவிட்டது. அக்கா படியில் நின்று, "மண்ணெண்ண ஊத்தித் தேய், போயிடும்" என்றாள். சரி என்றேன். அதை மட்டும் தேய்க்கவில்லை. துடைப்பம் சுற்றிப் போனது. எப்படியும் மறையப்போகிறது.

ஆகஸ்ட் 17. வெள்ளி

ஆவணி ஒன்று. டைல்ஸ் வந்துவிட்டது, குட்டியானை வண்டியில். அட்டைப்பெட்டிகள். புது பிளாஸ்டிக் வாசனை வீடு முழுக்க. பூனை ஒரு பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, எழுப்பவில்லை.

வளைகாப்பு அடுத்த வெள்ளி. சிதம்பரத்தில், அவுங்க வீட்டிலேயே, எளிமையாக. துக்கம் நடந்த வருஷம், மேளம் வேண்டாம் என்று பேச்சு. வளையல் போதும்.

ஆகஸ்ட் 19. ஞாயிறு

பிரபு வந்தார். இரண்டு பேருமாகக் கோர்த்தோம். ஆள் வைக்கத் தேவையே இல்லை. படிப் பக்கத்தில் ஆரம்பித்து கேட் பக்கமாக. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, காது உள்ளே போகிறது, டக். அடுத்தது, டக். தூணைச் சுற்றி வெட்ட வேண்டியவற்றை நான் கோடு போட்டுக் கொடுக்க அவர் வெட்டினார். தாழ்ப்பாள் குழிக்கு ஓட்டை. சுவரோரம் ஒரு விரல்.

"மாமா, நீங்க செம பர்பெக்ட்" என்றார்.

விளக்குக் கறை எந்த டைலில் மறைந்தது என்று கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் பிரபு அவர் ஆபீசில் பிரமோஷன் லிஸ்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் முடிந்தது. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து. மத்தி மீன் வறுவல், எலும்பு ஜாஸ்தி.

அக்கா படியில் நின்று பார்த்தாள். "அப்பாடா. ஒண்ணுமே தெரியலடா சேகரு. ஓட்டலு மாதிரி இருக்குது."

உண்மைதான். ஒன்றுமே தெரியவில்லை. சாம்பல் நிறம், ஒரே மட்டம், சுவரிலிருந்து சுவர் வரை. நல்ல வேலை. சந்தோஷப்பட வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. கை கழுவினேன்.

ஆகஸ்ட் 24. வெள்ளி

விடியலில் நல்ல மழை, அரை மணி நேரம். ஷெட்டுத் தண்ணீர் மூலை ஓட்டை வழியாகச் சரியாக இறங்கியது. பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அக்காவும் நானும், காரில். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஊர் தாண்டியது கார்.

வளைகாப்பு. முதல் வளையல் அம்மா போடுவது. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு அக்கா போட்டாள். கவிதா யாரையும் பார்க்கவில்லை, வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வகை சோறு. புளிச்சோறு நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

அவளே சொன்னாள், "அப்பாகூட போறேன் அத்தை." சம்மந்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பை கட்டிக் கொடுத்தாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிரபு காரை ஓட்டினார். செம்மண்டலத்தில் எங்கள் வீடு வந்து சேர நாலு மணி. அக்கா முதலில் இறங்கி ஓடி ஆரத்தி கரைத்தாள். கேட்டை அகலத் திறந்தேன். தரை பளபளவென்று.

கவிதா கேட்டில் நின்றாள். ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்தாயிற்று. உள்ளே வரவில்லை. தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"எங்கப்பா?"

"என்னம்மா எங்க?"

"அம்மா இருந்த எடம்."

அக்கா, "அதெல்லாம் இப்ப எதுக்குடி கண்ணு, தெரியாத மாதிரிதான் பண்ணியிருக்குது. வா, வலது கால் வெச்சு வா" என்றாள்.

அவள் பையைக்கூட எடுக்காமல் திரும்பிச் சந்துக்குள் போனாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிரபு என்னைப் பார்த்தார். நான் தாழ்ப்பாள் குழியைப் பார்த்தேன். சரியான அளவு.

இருட்டுவதற்கு முன் டீ போட்டுக் கொண்டுபோனேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை.

"பயமா இருக்குன்னு அத்தை சொன்னா. அதான்மா மாத்தினேன்."

"பயமா? எனக்கு எங்கம்மாகிட்ட இன்னா பயம்?"

டீயை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு என்னை உள்ள வுட்டீங்களா நீங்க யாராவது? மாசமா இருக்கறவ எழவு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டீங்க. நம்ம காருக்குப் பக்கத்துல நின்னேன். அங்கேருந்து பாத்தா அம்மா கால்தான்ப்பா தெரிஞ்சுது. மொகம் தெரியல. பெட்டி மேல மாலையாப் போட்டு மூடிட்டாங்க. எடுக்கறப்பவும் என்னைத் திரும்பி நிக்கச் சொன்னாங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. அன்று கவிதா எங்கே நின்றாள் என்பதே ஞாபகம் இல்லை.

"அந்த எடத்துல கால் படக் கூடாதுன்னுதான் இத்தினி நாளா சுத்தி வந்தேன். அம்மா மேல மிதிச்சுகிட்டு எப்படிப்பா போவேன்? இப்ப எது எடம்னே தெரியல. எங்க கால் வெச்சாலும் அம்மா மேல வெக்கற மாதிரி இருக்குது."

டீயில் ஆடை கட்டும் வரை வைத்திருந்தாள். பிறகு, "நான் சிதம்பரத்துக்கே போயிடட்டுமா?" என்றாள். கோபமாக இல்லை. நிஜமாகக் கேட்டாள்.

பிளானை எடுத்துப் பார்த்தேன். தூண் இருக்கிறது. குழி இருக்கிறது. ஓட்டை, படி, வாட்டம், வடக்கு. அது மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 25. சனி

காலை ஆறரை. மேகம். காற்று இல்லை.

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போய் கேட் பக்கம் உட்கார்ந்தேன். ஓரத்து டைலின் அடியில் கொடுத்து நெம்பினால் காது விடுகிறது. ஒன்று வந்துவிட்டால் அடுத்தது கையாலேயே வரும். வரிசை வரிசையாகக் கழற்றினேன். சுவரோரம் அடுக்கினேன்.

அக்கா பதறிக்கொண்டு வந்தாள். "உனக்கு என்னா கிறுக்குப் புடிச்சுதாடா? ஒரு வாரம் ஆவலியேடா போட்டு!"

"ஆமா" என்றேன். அவள் போய்விட்டாள்.

சத்தம் கேட்டு கவிதா சந்து வழியாகச் சுற்றி வந்து கேட்டில் நின்றாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன், கழற்றிய பழைய தரையில், கேட்டை ஒட்டி. உட்கார்ந்தாள். அடி சிமென்ட் வேர்த்திருந்தது. பாதி ஷெட்டு கழற்றியாயிற்று. காணோம். எந்த இடம் என்று எனக்கும் நிச்சயம் இல்லை. எல்லா டைலும் ஒரே மாதிரி.

"தெற்கால தல வெச்சாங்கன்னா இன்னும் உள்ளப்பா. படிப் பக்கம்."

இன்னும் நாலு வரிசை. கையில் தோல் உரிந்தது. ஐந்தாவதைத் தூக்கினேன். வட்டம் இருந்தது. கறுப்பாக, அகல் விளக்கின் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக.

நல்லவேளை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கவில்லை.

கவிதா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்து வந்தாள். பக்கத்தில் உட்காரணும் என்றாள். கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன். வயிறு இடிக்க, ஒருக்களித்து உட்கார்ந்து வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வளையல்கள் சரிந்து மணிக்கட்டில் கூடின.

"இங்கதான் மொகம் இருந்துதா?"

"ஆமாம்மா."

"எப்படி இருந்துதுப்பா?"

சொல்ல ஆரம்பித்தேன். நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். தலை சீவி இருந்தது. ஒரு பக்க உதடு கொஞ்சம் மேலே, எதையோ சொல்ல வந்து விட்டுவிட்ட மாதிரி. உனக்குப் பிடிக்குமே அந்தப் பச்சைப் புடவை, அதுதான்... அதற்கு மேல் முடியவில்லை. அழுதேன். மார்ச்சில் அழவில்லை. பதினாறாம் நாள் அழவில்லை. எல்லாரும் சேகர் கல்லு மாதிரி நிற்கிறான் என்றார்கள். இன்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். நிறுத்தத் தெரியவில்லை. கவிதா முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள். கீழே இறங்கி வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து கவிதா: "மூடிடுங்கப்பா. எடம் தெரியற மாதிரி வெச்சு மூடிடுங்க."

சாம்பிள் டைல் ஞாபகம் வந்தது. செங்கல் நிறம். அதே அளவு, அதே காது. வட்டத்தின் மேல் அதைக் கோர்த்தேன். டக். மற்றதெல்லாம் சாம்பல். மதியத்துக்குள் மறுபடி முழுத் தரை.

அவள் சுவரோரமாக நடந்து, படி ஏறி, முன்கதவு வழியாக வீட்டுக்குள் போனாள். அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வலது கால் என்று எதுவும் சொல்லவில்லை.

பசித்தது. ரசம் சோறு, அப்பளம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 26. ஞாயிறு

மேகமூட்டம். கடல் காற்று மதியமே வந்துவிட்டது.

கவிதா முன்னறையில். கொக்கியில் கட்டியிருந்த புடவையை அவிழ்த்துத் துவைக்கப் போட்டாள். "பச்சைப் புள்ளைக்கு இதுதான் தொட்டில்" என்றாள்.

பிரபு சிதம்பரம் கிளம்பினார். போகும்போது கடைசி நேரத்தில் ஒரு யோசனை. அவருடையது இல்லை, கவிதாவுடையது. "அப்பா, காரை உள்ள வுட்டுடுங்க. நடுவுல கார் நின்னுதுன்னா யாரும் அது மேல நடக்கவே முடியாது. சுவரோரமாத்தான் வரணும்."

இது எனக்குத் தோன்றவில்லை. கோடு போட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கச் சக்கரமும் செங்கல் நிற டைலுக்கு வெகு தூரம் தள்ளித்தான் போகும்.

பேப்பர்க்காரன் இன்னும் வரவில்லை. ஓரத்தில் இருந்த தட்டை எடுத்து, இறுகின மணலைக் குத்திக் கொட்டினேன். புயலில் விழுந்த வேப்பமரம் நின்ற இடத்திலிருந்து புது மண் அள்ளிப் போட்டு வைத்தேன்.

ஐந்து மணிக்குக் காரை உள்ளே விட்டேன். மெதுவாக. டைல்ஸ் டொப் டொப்பென்றது, தாங்கியது. இன்ஜின் சரியாக அந்த இடத்துக்கு மேல் வந்து நின்றது, எப்போதும் நிற்கிற இடம்தான். எதிர்வீட்டுக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். குழியில் சரியாக இறங்கியது.

சமையலறையிலிருந்து கவிதா: "தட்டு வெச்சீங்களாப்பா?"

வைத்தாயிற்று என்றேன்.

வைக்கவில்லை. வசந்தா திட்டுவாள். திரும்பிப் போய், குனிந்து, தள்ளி வைத்தேன்.